தபால்தலைக்கு ஏற்ற ஏடு
(சுருத பஞ்சமி விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)





சுருத பஞ்சமி ஏடுகளின் திருநாள். தரசேன ஆசாரியரிடம் கேட்டறிந்த ஆகமப் பொருளைப் புஷ்பதந்தரும் பூதபலியும் ஷட்கண்டாகமம் என நூலாக்கி நிறைவு செய்த நாளாக இது போற்றப்படுகிறது. வைகாசி, ஆனி மாதங்களை ஒட்டி வரும் வளர்பிறைப் பஞ்சமியில் சுவடிகளை வெளியே எடுத்துத் தூசு தட்டி, நிழலில் காற்றாட வைத்து, மீண்டும் துணியில் கட்டி, வழிபட்டு வைப்பது மரபு. இந்நாளில் தபால்தலைகளை ஒட்டும் ஆல்பத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். மழைக்காலம் தொடங்குமுன் ஏட்டைக் காப்பது எப்படி என்னும் கேள்வியே இரண்டுக்கும் பொது. அதிலும் தென்காசி, குற்றாலம் பகுதியில் அக்கேள்விக்கு விடை காண்பது ஏனைய ஊர்களைக் காட்டிலும் கடினம்.

ஆனி பிறந்ததும் ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று இறங்குகிறது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீர் பெருகுகிறது. சாரல் என்னும் இனிய சொல் வழங்கும் அந்த மூன்று மாதங்களும் குளிக்க வருவோர்க்குக் கொண்டாட்டம், காகிதத்துக்குக் கேடு. பீரோவில் வைத்த துணியில் பூஞ்சை வாடை வீசும். உப்பு ஜாடியில் நீர் கோக்கும். பயன்படுத்தப்படாத தபால்தலையின் பின்புறப் பசை, நாக்கின் ஈரம் படாமலே இளகித் தான் தங்கியிருக்கும் தாளோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைப் பிரித்தால் பசை போகும், அல்லது தலையே கிழியும். சில ஆண்டுகள் இவ்வாறு கழிந்தால் துளை விளிம்புகளில் துரு நிறப் புள்ளிகள் தோன்றும். அவை பூஞ்சையின் அடையாளம். தோன்றியபின் போக்குவது அரிது.

இலண்டனிலோ பாரிசிலோ உள்ளவர்க்காக எழுதப்பட்ட ஆல்ப அறிவுரைகளை அப்படியே இங்குப் பின்பற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இப்பகுதி வீடுகளின் பழைய ஆல்பங்களே சான்று.

உலகத் தபால்தலைகள் தென்காசிப் பக்கம் வந்த கதை தனியே எழுதத்தக்கது. பொழுதுபோக்குக்காகக் கடையில் வாங்கியவை அவற்றுள் சிலவே. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் சிங்கப்பூர் சென்று குடியேறிய குடும்பங்கள் பல. 1941-ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம்களுக்கென ஓர் அமைப்புத் தோன்றியது என்றால், அங்கிருந்து வந்த கடிதங்களின் எண்ணிக்கையை ஊகித்துக்கொள்ளலாம். நெல்லைச் சீமையினர் பலர் கொழும்புக் கடைகளிலும் இரங்கூனிலும் பினாங்கிலும் பணி செய்தனர். பின்னாளில் வளைகுடா நாடுகள் வந்து சேர்ந்தன. இங்கிலாந்து மன்னரின் ஒரே தலை சிலோன், பர்மா, மலாயா என வெவ்வேறு பெயர்களோடு ஒரே தெருவுக்குள் வந்து இறங்கிய காலம் அது. உறையின் மூலையைக் கத்தரித்துச் சிகரெட்டுப் பெட்டியில் போட்டு வைத்த பிள்ளைகளே இவ்வட்டாரத்தின் முதல் உலகச் சேகரிப்பாளர்கள். இன்று அந்தப் பெட்டிகள் பேரப்பிள்ளைகள் கைக்கு வருகின்றன. அவற்றை எதில் வைப்பது என்பதில் தவறினால், அறுபது, எழுபது ஆண்டுகள் பிழைத்து வந்தவை நான்கு சாரலுக்குள் அழியும்.

கடையில் கிடைக்கும் ஆல்பங்கள் பெரும்பாலும் மூன்று வகை. நாடுவாரியாகப் பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு தலைக்கும் கட்டமிட்டுப் படமும் அச்சிட்ட ஆல்பம் ஒன்று. எதுவும் அச்சிடாத வெறுந்தாள்களைக் கழற்றி மாட்டும் கட்டுடன் தருவது மற்றொன்று. தாளின் குறுக்கே ஒளிபுகும் பட்டைகள் பதித்து, அவற்றினுள் தலைகளைச் செருகிவைக்கும் ஸ்டாக் புக் மூன்றாவது.

அச்சிட்ட ஆல்பத்தின் கவர்ச்சி பெரிது. 1840 மே மாதத்தில் இங்கிலாந்தின் கறுப்புப் பென்னித் தலை வெளியாகி இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1862-இல் பாரிசில் ஜஸ்டின் லாலியே என்பார் அச்சிட்ட ஆல்பத்தை வெளியிட்டார். அன்று உலகத் தலைகள் அனைத்துக்கும் ஒரு நூல் போதுமானதாக இருந்தது. இன்று அமெரிக்காவின் ஸ்காட் நிறுவனம் வெளியிடும் உலக ஆல்பத்தின் முதற்பகுதி மட்டுமே 1840 முதல் 1940 வரையிலான நூறாண்டுகளை அடக்குகிறது. அந்த ஒரு பகுதியிலேயே முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட கட்டங்கள் உண்டு. அதுவும் முழுமையன்று; அரியனவும் விலைமிக்கனவும் பல விடப்பட்டன. அதற்குப் பின்வந்த பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு பீரோ நிறையும்.

கட்டம் என்பது ஒரு வகையில் வேட்கையின் வடிவம். காலியாகக் கிடக்கும் கட்டம், 'இது உன்னிடம் இல்லை' என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டே இருக்கும். பத்துக் கட்டங்கள் உள்ள பக்கத்தில் ஒன்பது நிறைந்தால் சிறுவனின் கண் பத்தாவதிலேயே நிற்கும். ஒன்பதும் அவனுக்கு மகிழ்ச்சி தாரா.

சுந்தர ராமசாமியின் 'ஸ்டாம்பு ஆல்பம்' என்னும் சிறுகதையைப் பலரும் படித்திருப்பர். இராஜப்பா தேனீயைப் போல் அலைந்து, பண்டமாற்றுச் செய்து, தலை தலையாகச் சேர்த்த ஆல்பம் ஒன்று. நாகராஜனுக்குச் சிங்கப்பூரிலிருந்து மாமா நிறைவாகவே அனுப்பிவைத்த ஆல்பம் மற்றொன்று. வகுப்பு முழுவதும் புதியதன்பால் திரும்புகிறது. பொறாமை இராஜப்பாவைக் களவுக்குக் கொண்டுபோகிறது. அகப்படுவோம் என்னும் அச்சத்தில் திருடிய ஆல்பத்தை அடுப்பில் இட்டு எரிக்கிறான். பின்னர், அழும் நாகராஜனிடம் தன் ஆல்பத்தையே கொடுத்துவிடுகிறான். கள்ளாமை என்னும் அணுவிரதத்தைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட ஏற்ற கதை தேடினும் கிடைக்காது. ஆல்பம் தேர்வோர்க்கும் அதில் ஒரு செய்தி உண்டு: நிறைந்து வந்த ஆல்பத்தை நாகராஜன் பெற்றான்; ஒவ்வொரு தலையும் எப்படி வந்தது என்ற கதை இராஜப்பாவிடம் மட்டுமே இருந்தது. பிறந்தநாளுக்கு ஆயிரம் தலைகள் ஒட்டிய ஆல்பத்தை வாங்கித் தரும் பெற்றோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும். வெறும் ஏடும் ஓர் இடுக்கியும் மேலான பரிசு.

எல்லாவற்றையும் சேர்ப்பேன் என்று புறப்பட்டவர்களுள் தலையாயவர் பெராரி என்னும் செல்வர். 1850-இல் பாரிசில் பிறந்து 1917-இல் மறைந்தார். உலகின் அரிய தலைகளில் அவரிடம் இல்லாதது சிலவே என்பர். பிரித்தானிய கயானாவின் ஒற்றை ஒரு சென்ட் தலையும் அவர் பெட்டியில் இருந்தது. தம் தொகுப்பு முழுவதையும் பெர்லின் அஞ்சல் அருங்காட்சியகத்துக்கு எழுதி வைத்தார். முதல் உலகப் போர் முடிந்ததும் பிரெஞ்சு அரசு அதைப் பகைநாட்டுச் சொத்தாகக் கைப்பற்றி, 1921 முதல் சில ஆண்டுகளில் பதினான்கு ஏலங்களில் விற்றுத் தீர்த்தது. வாழ்நாள் முழுவதும் கூட்டியது கூறு கூறாகச் சிதறியது. அவர் காலத்தவரான தாமஸ் டாப்லிங் என்னும் ஆங்கிலேயர் 1891-இல் முப்பத்தைந்தாம் வயதிலேயே மறைந்தார். அவர் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு விட்டுச்சென்ற உலகத் தொகுப்பு 1840 முதல் 1890 வரையிலான அரை நூற்றாண்டோடு நின்றது. அது சிதறாமல் இன்றும் இலண்டனில் பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. 1854-இல் கல்கத்தாவில் அச்சான நான்கு அணாத் தலையில் அரசியின் முகம் தலைகீழாக விழுந்த பிழைப்பிரதியும் அத்தொகுப்பில் உண்டு.

இல்லறத்தார்க்கு உரிய விரதங்களுள் மிகுபொருள் விரும்பாமை ஒன்று. வேண்டும் பொருளுக்கு வரம்பு கட்டிக்கொள்வது அதன் கருத்து. அதற்குத் துணையாக நிற்பன திசை விரதமும் தேச விரதமும். இன்ன மலைவரை, இன்ன ஆறுவரை என எல்லை குறித்து வாழ்நாள் முழுவதும் அதைக் கடவாமை திசை விரதம். அவ்வெல்லைக்குள்ளும் ஒரு கால அளவுக்கு இன்ன இடத்தோடு நிற்பேன் எனச் சுருக்கிக்கொள்வது தேச விரதம். உலகத் தபால்தலைகளைச் சேர்ப்பவன் பின்பற்றத்தக்க முறையை முன்னோர் வேறொரு நோக்கில் வகுத்து வைத்துள்ளனர். 'உலகம் முழுவதும், ஆனால் 1947 வரை' என்பது ஒரு வரம்பு. 'குடும்பத்தார்க்குக் கடிதம் வந்த நாடுகள் மட்டும்' என்பது இன்னொன்று. 'இவ்வாண்டு ஆசிய நாடுகளோடு நிற்பேன்' என்பது தேச விரதத்தின் சாயல். விரதத்தின் பயன் வேறு, பொழுதுபோக்கின் ஒழுங்கு வேறு என்பது தெளிவு. ஆயினும் வரம்பை முதலில் எழுதிக்கொண்டு பிறகு ஆல்பம் வாங்குவோர்க்குப் பணமும் மிஞ்சும், மனமும் அடங்கும். முதலில் ஆல்பம் வாங்கியவர்க்கு அச்சிட்டவனே வரம்பு குறிக்கிறான்.

இனி, அச்சிட்ட ஆல்பம் தென்காசிக்குப் பொருந்தாமைக்கு மேலும் வலிய காரணம் ஒன்று உண்டு. அது வரலாறு பற்றியது.

தென்காசியிலிருந்து செங்கோட்டை ஏழெட்டுக் கிலோமீட்டர். இன்று ஒரே மாவட்டம். 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் தோன்றியபோது இரண்டும் அதற்குள் அடங்கின. ஆனால் 1956 நவம்பர் முதல் நாள் வரை செங்கோட்டை மலைக்கு அப்பாலுள்ள அரசைச் சேர்ந்தது. முதலில் திருவிதாங்கூர் சமஸ்தானம், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி. குற்றாலமும் தென்காசியும் ஆங்கிலேயரின் திருநெல்வேலி ஜில்லா. எனவே இந்த ஏழெட்டுக் கிலோமீட்டருக்குள் இரண்டு தபால் முறைகள் இயங்கின. ஒன்று இந்தியத் தபால் இலாகா. மற்றொன்று திருவிதாங்கூரின் அஞ்சல். சலங்கை கட்டிய கோலேந்தி ஓடிய அஞ்சலோட்டக்காரரை மலையாள நாட்டார் இன்னும் கதையாகச் சொல்வர். சமஸ்தான அலுவலகப் பெயராக வழங்கிய அந்த 'அஞ்சல்' என்னும் சொல்லே இன்று தமிழகம் முழுவதும் 'தபால்' என்பதற்கு ஈடாக வழங்குவது தமிழாசிரியர்க்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

திருவிதாங்கூர் 1888-இல் தன் முதல் தலைகளை வெளியிட்டது. நடுவில் வலம்புரிச் சங்கு. மதிப்பு ஒன்று, இரண்டு, நான்கு சக்கரம். பதினாறு காசு ஒரு சக்கரம். இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். தென்காசிக் கடைத்தெருவில் பதினாறு அணா ஒரு ரூபாய். அந்தச் சங்குத் தலை சமஸ்தானத்துக்குள் மட்டுமே செல்லும். செங்கோட்டையிலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சங்கு ஒட்டி எழுதலாம். அருகிலுள்ள தென்காசிக்கு எழுத வேண்டுமாயின் இந்தியத் தலை வேண்டும். பிற்காலத்தில் சித்திரைத் திருநாள் மன்னர் முடிசூடிய 1931-இலும், ஆலய நுழைவுப் பிரகடனத்தை நினைவுகூர்ந்து 1937-இலும் தனித் தலைகள் வந்தன. 1939-இல் வந்த வரிசையில் கன்னியாகுமரியும் பேச்சிப்பாறை அணையும் இடம்பெற்றன. இன்றைய தமிழ்நாட்டு இடங்கள் வேறோர் அரசின் தலையில் ஏறிய விந்தை அது. 1951 ஏப்ரலில் அஞ்சல் இந்தியத் தபாலோடு இணைந்தது.

உலக ஆல்பத்தில் இந்தச் சங்கின் இடம் எது? இந்தியாவின் பக்கங்கள் முடிந்தபின் 'சுதேச சமஸ்தானங்கள்' என்னும் தலைப்பின்கீழ், பல சமஸ்தானங்களுக்கு நடுவே, சிலவே கட்டங்கள். சிறுவர்க்கான சிறிய ஆல்பங்களில் அதுவும் இராது. பினாங்கில் உள்ளவர்க்குத் திருவிதாங்கூர் ஒரு மூலை. செங்கோட்டை, புளியரைக் குடும்பங்களுக்கு அதுவே முதற்பக்கம். அவர்கள் வீட்டுப் பெட்டியில் சங்குகள் நூற்றுக்கணக்கில் இருக்கலாம். ஐஸ்லாந்துக்கு ஒதுக்கிய நான்கு பக்கங்களோ என்றும் வெறுமையாகக் கிடக்கும். அச்சிட்ட ஆல்பம் யாருடைய வீட்டிலிருந்து உலகத்தைப் பார்க்கிறது என்பதை வாங்குமுன் கேட்டறிவது நன்று.

அதனினும் பெரிய இழப்பு ஒன்று. கட்டத்துக்குள் பொருந்த வேண்டுமானால் தலையை உறையிலிருந்து பிரித்தாக வேண்டும். செங்கோட்டை அஞ்சல் முத்திரை பாதி தலையிலும் பாதி உறையிலும் விழுந்திருக்கும். பிரித்தவுடன் ஊர்ப்பெயர் இரண்டாகிறது. சங்குத் தலை மலிவு. ஒரு கைப்பிடி வாங்கலாம். ஊரும் நாளும் தெளிவாக விழுந்த முழு உறைதான் அரிது. எல்லை ஊரில் இரண்டு அரசுகள் எப்படிக் கடிதம் கொண்டுபோயின என்பதற்கு அதுவே ஆவணம். இரசிகமணி டி. கே. சி. குற்றாலத்தில் வாழ்ந்து நண்பர்க்கு எழுதிக் குவித்த கடிதங்கள் நூலாயின. இலக்கிய உலகம் அவற்றைப் போற்றுகிறது. பெயர் அறியப்படாத குடும்பங்களின் உறைகள் அவ்வாறு அச்சேறப்போவதில்லை. வீட்டார் கத்தரிக்கோலை எடுக்காதிருந்தால் மட்டுமே அவை நிற்கும். ஆகவே 1956-க்கு முற்பட்ட எந்த உறையையும் கத்தரிக்காமல் முழுமையாக வைக்கும் ஏடே இவ்வட்டாரத்துக்கு ஏற்றது. வெறுந்தாள் ஆல்பத்தில் அதற்கு இடமுண்டு; உறையின் நான்கு மூலைகளையும் மட்டும் தாங்கும் முக்கோண மூலைப்பிடிகள் போதும்.

ஏட்டின் உடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சமணக் குடும்பங்கள் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

பழைய ஐரோப்பிய ஆல்பங்களின் சிறப்புக் கட்டு தோலால் ஆனது; கன்றுத்தோல், ஆட்டுத்தோல் என்று பெருமையோடு விளம்பரம் செய்தனர். முதுகுப் பகுதியை ஒட்டிய பசையும் எலும்பையும் தோலையும் காய்ச்சியதாக இருக்கக்கூடும். கொல்லாமை நெறியினர் வீட்டில் அத்தகைய ஏடு புகுவதை யாரும் விரும்பார். விலை மிகுந்த ஆல்பத்தை வாங்குமுன் மேலட்டை எதனால் ஆனது எனக் கேட்பதில் கூச்சம் வேண்டா. கெட்டித் துணி போர்த்திய அட்டை எல்லாவற்றினும் மேல். தோல் போலத் தோன்றும் செயற்கைப் பொருள் கொலையற்றதே. ஆனால் அது பிவிசி எனில் வேறொரு கேடு உண்டு. பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் வெப்பத்திலும் ஈரத்திலும் மெல்லக் கசியும். பக்கங்களும் உறைகளும் பிசுபிசுக்கும்; தலையின் வண்ணம் பிளாஸ்டிக்கில் ஏறும். மலிவான ஃபோட்டோ ஆல்பத்தில் தலைகளை வைத்தவர்கள் இதை அறிவர். பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் என்று குறித்த உறைகளே தகும்.

உள்ளூர்ப் பைண்டரிடம் வெறுந்தாள் ஏடு கட்டிக்கொள்வது நல்ல வழி, செலவும் குறைவு. அமிலமற்ற தடித்த தாள் கேட்டு வாங்கித் தரலாம். மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது பைண்டர்கள் வழக்கம். பூச்சி அண்டாது என்பர். அப்பசை முதுகோடு நிற்க வேண்டும், பக்கத்துக்கு வரலாகாது. தலையை ஏட்டில் ஒட்ட வீட்டுக் கஞ்சிப் பசையோ செல்லோ டேப்போ ஒருபோதும் ஆகா. முன்னது இராமபாணத்துக்கு விருந்து. பின்னது பழுத்துக் கறையாகி நிற்கும். பயன்படுத்திய தலைகளுக்கு ஹிஞ்ச் என்னும் சிறு பசைத்தாள் போதும். பசையோடு கூடிய புதிய தலைகளுக்கு மவுண்ட் என்னும் ஒளிபுகும் உறை வேண்டும். குற்றாலம் போன்ற ஊரில் ஈரம் தங்காதவாறு அவ்வுறை ஒருபக்கமாவது திறந்திருக்க வேண்டும். இரண்டுமின்றிச் செருகிவைக்கும் ஸ்டாக் புக் தொடக்கநிலைச் சிறுவர்க்கு ஏற்றது. மனம் மாறும்தோறும் தலைகளை இடம் மாற்றலாம். அதைப் படுக்கவைத்து மேலே பாரம் ஏற்றினால் தலைகள் ஒட்டிக்கொள்ளும். நூலைப்போல் நிறுத்தி வைப்பதே முறை.

பூச்சியைப் பற்றி ஒரு சொல். கொல்வதினும் வாராமற் காப்பதே சிறந்தது என்பது சுவடி காத்த முன்னோர் வழி. வசம்பு வைத்தனர்; ஆண்டுதோறும் பிரித்துப் பார்த்தனர். ஆல்பத்துக்கும் அதுவே. ஈரம் இல்லாத இடத்தில் இராமபாணம் குடியேறாது. மழை அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் வையாமல் உட்சுவர்ப் பக்கம் வைக்கலாம். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் உடன் இருக்கட்டும். அந்துருண்டையின் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்குவதால் அதைத் தவிர்ப்பது நலம். தலைகளை உறைத்துண்டிலிருந்து நீரில் ஊறவைத்துப் பிரிக்கும்போது வடிகட்டிய நீரையே கொள்வது சமண வீடுகளில் சொல்லித்தர வேண்டாத பழக்கம். வண்ணம் கரையும் தலைகளும் உண்டு. ஐயம் இருப்பின் ஊறவைக்காதிருப்பதே நன்று.

இனி ஒரு மாற்றுக் கருத்தும் எழும். சமணம் தொடர்பான தலைகளை மட்டும் சேர்த்தால் போதாதா? உலகம் எதற்கு? நியாயமான கேள்வி. 1949 ஆகஸ்டு 15-இல் வந்த பதினாறு தலைகள் கொண்ட தொல்லியல் வரிசையில், எல்லாவற்றினும் உயர்ந்த மதிப்புடைய பதினைந்து ரூபாய்த் தலையில் பாலிதானாவின் சத்ருஞ்சய மலைக்கோயில் உள்ளது. 1974 நவம்பரில் மகாவீரர் நிர்வாணமெய்திய 2500-ஆம் ஆண்டுக்காகப் பாவாபுரி நீர்க்கோயில் இருபத்தைந்து பைசாத் தலையில் வந்தது. 1981 பிப்ரவரியில் சிரவணபெளகொள கோமடேசுவரர். 2001 ஏப்ரலில் மகாவீரரின் 2600-ஆம் பிறப்பு ஆண்டு. 2009-இல் தில்வாரா, ரணக்பூர் கோயில்கள். சமணர் ஏலாசாரியரோடு இணைத்துப் போற்றும் திருவள்ளுவர் 1960-இலும், கும்பகோணத்துச் சமணர் துணையோடு சீவகசிந்தாமணியைப் பயின்று 1887-இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் 2006-இலும் தலைகளில் ஏறினர். உலக ஆல்பத்தில் இவை இந்தியப் பக்கங்களில் ஆண்டு வரிசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறும். தனி ஏட்டில் வைத்தால் ஒரே பார்வையில் நிற்கும். ஒரு வீட்டுக்கு இவ்விரு ஏடுகளும் மிகையல்ல. ஆனால் பிள்ளைகளுக்கு முதலில் தர வேண்டியது உலக ஏடே. ஹெல்வேஷியா என்பது சுவிட்சர்லாந்து, மாகியார் என்பது ஹங்கேரி, சுவோமி என்பது பின்லாந்து என்று ஒரு சிறுவன் கண்டுபிடிக்கும்போது, ஒவ்வொரு நாட்டாரும் தம் நாட்டைத் தம் மொழியில் எப்படி அழைக்கின்றனர் என்பதையும் கற்கிறான். இலங்கைத் தலையில் தமிழெழுத்தைக் காணும்போது அவன் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் பெரியவர் துணையோடு திறக்கப்பட வேண்டும். 1930-களிலும் போர்க்காலத்திலும் வந்த ஜெர்மானியத் தலைகளில் சுவஸ்திகம் இருக்கும். நாள்தோறும் ஆலயத்தில் அட்சதையால் அதே வடிவை இட்டு வழிபடும் குழந்தை வியப்போடு கேட்கும். நான்கு கதிகளைக் குறிக்கும் மங்கலச் சின்னம் எது, அதைச் சாய்த்து வைத்துக்கொண்டு கோடிக்கணக்கானோரைக் கொன்றவர்கள் யாவர் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்பக்கத்தைக் கிழித்தெறிவதால் பயனில்லை.

மாணவர்க்கு ஒரு செய்தி: அஞ்சல் துறை 2017 முதல் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை தபால்தலை சேகரிப்பில் ஈடுபடுவோர்க்கு ஸ்பர்ஷ் என்னும் திட்டத்தில் ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாய் உதவித்தொகை வழங்கி வந்துள்ளது, நெறிகளைத் தலைமை அஞ்சலகத்தில் கேட்டறியலாம். கூடவே ஒரு குறை: 2003 அக்டோபரில் இந்திய அருவிகள் என நான்கு தலைகள் வந்தன. அதிரப்பள்ளி, கெம்டி, ககோலத், ஜோக். குற்றாலம் இல்லை! கழுகுமலைத் திருமேனிகளைத் தொழ வந்து இங்கும் தங்கிச்செல்லும் குடும்பங்கள் அத்துறைக்கு ஆளுக்கொரு விண்ணப்பம் எழுதிப் போட்டால் நன்று.

இறுதியாக நடைமுறை. சுருத பஞ்சமிக்கு முந்தைய வாரத்தில், சாரல் இறங்குமுன், ஆல்பத்தை வெளியே எடுத்து நிழலில், ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துக் காற்றாட வைக்க வேண்டும். நேர்வெயில் படலாகாது, வண்ணம் வெளுக்கும். துருப்புள்ளி கண்ட தலையைத் தனி உறைக்கு மாற்றிவிட வேண்டும். ஒவ்வோர் உறைக்கும் கீழே, யார் யாருக்கு எங்கிருந்து எழுதியது என்பதை மைப்பேனாவால் எழுதாமல் மென்மையான பென்சிலால் எழுதி வைக்க வேண்டும். தமிழில் ஒரு வரி, அயல்நாட்டில் வளரும் பேரப்பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் ஒரு வரி. பிறகு நிறுத்தி வைத்துப் பீரோவை மூடிவிட்டால், ஐப்பசி மழையும் ஓய்ந்து தை பிறக்கும்வரை அதைத் திறக்க வேண்டியதில்லை.